ஒரு வெள்ளி வைத்தியமும் நல உதவியும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் ஓர் அரசாங்க கிளினிக்கின் பதிவு முகப்பில் இருபத்தெட்டு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஜெலுத்தோங் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் உதவிப் படிவங்களை நிரப்பித் தருகிறேன். நெற்றியில் திருநீறு காய்வதற்குள் கேள்வி வந்துவிடும். வாரம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். வெள்ளி என்று நாங்கள் சொல்வது மலேசிய ரிங்கிட்டை. முகப்புக்கு உள்ளேயும் இருந்தவன், வெளியே வரிசையிலும் நின்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஒரு வெள்ளிக்கு உண்மையில் என்னென்ன கிடைக்கும்?

மருத்துவரைப் பார்க்கலாம். அவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் அதற்குள் அடக்கம். 1982-ஆம் ஆண்டுக் கட்டண உத்தரவிலிருந்து வந்த கணக்கு இது: குடிமக்களுக்கு சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி, அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் நாளொன்றுக்கு 3 வெள்ளி. கிளினிக்கில் 60 வயதைக் கடந்தவர்களிடம் பதிவுக் கட்டணமும் வாங்குவதில்லை. ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும் காசில் இனிப்பு நீர் எனும் நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றுக்கும் மருந்தோடு வீடு திரும்பலாம்.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. அரசு கிளினிக் மருத்துவரின் கடிதத்தோடு நிபுணரிடம் போனால் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. தனியார் மருத்துவரின் கடிதத்தோடு போனால் 30 வெள்ளி. முகப்பில் இருப்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துச் சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில திட்டுகள் எனக்கும் கிடைத்தன.

எல்லாமே இதற்குள் அடங்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மூட்டுக்குள் வைக்கும் உலோகப் பாகம், இதயத்துக்கான சில கருவிகள், பட்டியலில் இல்லாத விலை உயர்ந்த மருந்து போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்வார்கள். அப்போது என்ன செய்வது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

மீதிப் பணத்தை யார் கட்டுகிறார்கள்? நான் வருமான வரி கட்டுவதே இல்லையே.

வருமான வரி கட்டாவிட்டாலும் நீங்கள் வரி கட்டுகிறவர்தான். வாங்கும் பொருளிலும் சாப்பிடும் உணவிலும் விற்பனை வரியும் சேவை வரியும் எங்காவது ஒளிந்திருக்கும். அந்த வரிகள், நிறுவன வரி, அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் தரும் பணம் எல்லாம் ஒரே பெட்டியில் விழுந்து, அதிலிருந்து சுகாதார அமைச்சுக்குப் போகிறது. 2025-இல் ஒதுக்கப்பட்டது சுமார் 45.3 பில்லியன் வெள்ளி.

பெரிய தொகைதான். ஆனாலும் அரசு சுகாதாரத்துக்குச் செலவிடுவது நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு என்ற அளவில்தான் நிற்கிறது. 2023-இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை இதைக் காலப்போக்கில் 5 விழுக்காட்டுக்கு உயர்த்தச் சொல்கிறது. எப்படி உயர்த்துவது என்பதில்தான் எல்லாரும் பின்வாங்குகிறார்கள். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துத் தேசிய சுகாதார நிதி அமைப்பது ஒரு வழி. ‘ஒன்கேர்’ என்ற பெயரில் அந்தப் பேச்சு எழுந்தபோது, 2012 வாக்கில் கிளம்பிய எதிர்ப்பில் அது அப்படியே அடங்கிப்போனது. சம்பளத்தில் இன்னொரு பிடித்தம் என்றால் எந்த அரசாங்கமும் தயங்கத்தான் செய்யும்.

ஏன் இவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் மிக அதிகமாகக் கேட்கிறார்கள். வலிக்கும் இடமும் இதுதான்.

நான் வேலை செய்த கிளினிக்கின் காலையைச் சொல்கிறேன். ஏழு மணிக்குக் கதவு திறப்பதற்கு முன்பே ஐந்தடி நடைபாதையில் நாற்பது பேர். சிலர் தங்களுக்குப் பதிலாக ஒரு ஜோடி சிலிப்பரையோ தண்ணீர்ப் போத்தலையோ வரிசையில் வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்த கிழவிகளுக்குப் பத்து மணிக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும். அன்று எட்டு மருத்துவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போயிருப்பார், ஒருவர் பேறுகால விடுப்பில், ஒருவர் வேலையை விட்டே போயிருப்பார். ஐந்து அறைகளில்தான் விளக்கு எரியும். இப்போது மைசெஜாத்ரா என்ற கைப்பேசிச் செயலியில் முன்பதிவு செய்யலாம், சிலிப்பர் வரிசை குறைந்திருக்கிறது. உள்ளே எரியும் விளக்குகள் கூடினதாகத் தெரியவில்லை.

காரணங்கள் பல. நாட்டில் வயதானவர்கள் பெருகிவிட்டார்கள். 2023 தேசிய ஆய்வுப்படி வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது, அவர்களில் ஐவருக்கு இருவர் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் நடமாடுகிறார்கள். மறுபக்கம், 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களை நிரந்தரமாக எடுக்காமல் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நிபுணராகும் வழி அடைபட்ட கோபத்தில் 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் வெளிநடப்பு செய்தார்கள். அதன் பிறகு சில திருத்தங்கள் வந்தன. பலர் அதற்குள் சிங்கப்பூருக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போய்விட்டிருந்தார்கள்.

ஆகவே கட்டணம் ஒரு வெள்ளி என்பது பாதி உண்மைதான். மீதியை நேரமாகக் கட்டுகிறோம். ஓய்வூதியம் வாங்கும் எனக்கு அரை நாள் போனால் பத்திரிகை படிக்கும் நேரம் போகும், அவ்வளவுதான். பட்டர்வொர்த் துறைமுகத்தில் நாள் கூலிக்கு மூட்டை இறக்கும் ஒருவருக்கு அரை நாள் போனால் அன்றைய சம்பளம் போகும். அவருடைய கணக்கில் ஒரு வெள்ளி வைத்தியத்தின் விலை எண்பது வெள்ளி. எனவே அவர் வருவதில்லை. காலில் புண் ஆறாமல் நாற்றம் எடுத்த பிறகு வருகிறார். பொதுச் சுகாதாரத்தில் எனக்குள்ள முதல் குறை இதுதான்: யாருக்காகக் கட்டணம் குறைக்கப்பட்டதோ அவர்களால்தான் காத்திருக்க முடிவதில்லை. மாலையிலும் சனிக்கிழமையிலும் இன்னும் பல கிளினிக்குகள் திறந்திருந்தால் இதில் பாதி தீரும் என்று பணியில் இருந்தபோதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். தொடர் மருந்துக்காக மாதந்தோறும் பெரிய மருத்துவமனைக்கு அலைய வேண்டாம். வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் வாங்கிக்கொள்ளவும், அஞ்சலில் பெறவும், காரை விட்டு இறங்காமல் எடுத்துப் போகவும் ஏற்பாடுகள் இருக்கின்றன. மருந்தகத்தில் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் ஆட்கள் வீணடிக்க மாட்டார்களா?

வீணடிக்கிறார்கள், மறைத்துப் பயனில்லை. இறந்துபோன ஒரு பெரியவரின் வீட்டைச் சுத்தம் செய்ய உதவப் போனேன். பிஸ்கட் டின்னில் மூன்று ஆண்டு மாத்திரைகள், பட்டை பிரிக்காமல். நீரிழிவு மாத்திரை, கொழுப்பு மாத்திரை, எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தார். “டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று வாங்கி வந்துவிடுவார், சாப்பிட மாட்டார்” என்றார் மருமகள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கஷாயத்தில் அவருக்கு நம்பிக்கை.

கட்டணத்தை ஐந்தாக்கினால் அவர் மாத்திரையைச் சாப்பிட்டிருப்பாரா? மருந்தை விளக்கிச் சொல்ல மருத்துவருக்கு ஐந்து நிமிடம் கூடக் கிடைத்திருந்தால் ஒருவேளை சாப்பிட்டிருப்பார். கட்டணம் ஏறினால் முதலில் நின்றுபோவது வெட்டிக்கு வருகிறவர் என்று நினைக்கிறோம். என் முகப்பில் நான் கண்டவரை, முதலில் நின்றுபோவது பேருந்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வருகிறவர்தான்.

வசதி படைத்தவர்களும் ஏன் ஒரு வெள்ளி கட்ட வேண்டும்?

கிளினிக் கார் நிறுத்துமிடத்தில் நல்ல நல்ல வண்டிகள் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன், எனக்கும் உறுத்தியது. இருந்தாலும் என் கருத்து: விட்டுவிடுங்கள். யார் பணக்காரர் என்று பிரிக்கத் தொடங்கினால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, உறுதிமொழிக் கடிதம் என்று எல்லாரிடமும் கேட்க வேண்டும். பணக்காரரிடம் அவை தயாராக இருக்கும். நாள் கூலிக்காரரிடம் ஒன்றும் இருக்காது. அதோடு, நாலு வார்த்தை சட்டம் பேசத் தெரிந்தவர்கள் வரிசையில் நிற்கும்வரைதான் கழிப்பறையில் தண்ணீர் வரும்.

பணம் கட்டி விரைவாகச் சிகிச்சை பெறும் ‘ராக்கான் கே.கே.எம்.’ என்ற திட்டத்தை 2025-ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் அரசாங்கம் முன்வைத்தது. சில அரசு மருத்துவமனைகளில் வழக்கமான நேரத்துக்கு அப்பால், கூடுதல் கட்டணத்தில், நிபுணரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம் என்பது யோசனை. நிபுணர்களுக்கு வருமானம் கூடினால் அரசுப் பணியில் தங்குவார்கள் என்கிறது அமைச்சு. ஒரே கட்டடத்தில் இரண்டு வரிசை வந்துவிட்டால் மெதுவான வரிசை இன்னும் மெதுவாகும் என்பது எதிர்ப்பவர்களின் அச்சம். அறுவை அறைகளும் மயக்க மருந்து நிபுணர்களும் அதே எண்ணிக்கையில்தான் இருக்கப்போகிறார்கள் என்றால், அச்சப்படுகிறவர்கள் பக்கமே நானும்.

காப்பீடு எடுத்துக்கொண்டு தனியாருக்குப் போய்விட்டால் என்ன?

பினாங்கில் இப்படிக் கேட்பது இயல்பு. இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானம் ஏறி வந்து சிகிச்சை பெற்றுத் திரும்பும் அளவுக்குத் தனியார் மருத்துவமனைகள் உள்ள ஊர் இது. பளிங்குத் தரை, காப்பிக் கடை, அன்றே ஸ்கேன். குறை சொல்ல முடியாது.

சந்தாவைக் கட்ட முடிந்தவரை சரி. 2024 இறுதியில் பலருக்கு மருத்துவக் காப்பீட்டுச் சந்தா ஒரே மூச்சில் 40 முதல் 70 விழுக்காடு வரை ஏறுவதாகக் கடிதம் வந்தது. கூச்சல் எழுந்ததும், உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்லி மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. பரப்பினாலும் ஏறியது ஏறியதுதான். இளமையில் சந்தா கட்டி, அறுபதில் கட்ட முடியாமல் கைவிட்டு, நோய் வந்ததும் அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ஏராளம். வரம்புத் தொகை தீர்ந்ததும் தனியார் வார்டிலிருந்து ஆம்புலன்சில் ஜாலான் ரெசிடென்சி பொது மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறவர்களும் உண்டு. கடைசியில் ஏற்றுக்கொள்ளும் இடம் அதுதான் என்பது காப்பீட்டு முகவர்களுக்கும் தெரியும்.

டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே போவது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது கேட்பவரின் குரல் இறங்கிவிடும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், ஆயுள் முழுக்க. நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் இதில் இருக்கிறார்கள், புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவால் வந்தவர்கள். நம் வீடுகளில் அந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

அரசு மருத்துவமனைகளின் இயந்திரங்களில் எல்லாருக்கும் இடம் இருக்காது. எனவே பணம் பல கைகளிலிருந்து வருகிறது. வேலை செய்து சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர், நிபந்தனைகளுக்கு உட்பட்டால், சொக்சோ செலவை ஏற்கும். அரசு ஓய்வூதியர்களுக்குப் பொதுச் சேவை இலாகா. முஸ்லிம்களுக்கு ஸகாத் எனும் சமயக் கொடை நிதி கைகொடுக்கிறது. நமக்கு அப்படி ஒரு நிதி இல்லை. தேசிய சிறுநீரக அறநிறுவனம், சீன சமூகமும் தேவாலயங்களும் நடத்தும் குறைந்த கட்டண மையங்கள், அவ்வப்போது இந்தியர்களுக்கான அரசுப் பிரிவான மித்ரா என்று கதவு கதவாகத் தட்ட வேண்டும். தட்டுகிறவர் பெரும்பாலும் நோயாளியின் மகள். அவளுடைய வேலைதான் முதலில் போகும்.

வீட்டில் சமைக்கும் பெண்களுக்காக ஒரு வார்த்தை: 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 120 வெள்ளி. நோய் வந்த பிறகு சேர்வதைவிட இப்போதே விசாரித்துவிடுங்கள்.

சமூக நல இலாகா மாத உதவி யாருக்குக் கிடைக்கும்?

முதியோர் உதவி மாதம் 500 வெள்ளியாக இருந்து 2025-இல் 600 ஆனது. 60 வயது கடந்த குடிமகனாக, வருமானமும் ஆதரவும் இல்லாதவராக இருக்க வேண்டும். இந்த ‘ஆதரவு’ என்ற சொல்லில்தான் விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

தனியாக ஒரு வாடகை அறையில் இருக்கும் ஒரு பாட்டிக்குப் படிவம் நிரப்பினேன். “பிள்ளைகள்?” என்ற கட்டத்தில் பேனா நின்றது. மகன் ஜோகூரில் இருக்கிறான், நான்கு ஆண்டாகப் பேச்சு இல்லை. “அவன் பேரைப் போட்டால் அவனைத் தொந்தரவு செய்வார்களா தம்பி?” என்று கேட்டார். உதவி கிடைக்காது என்ற கவலை இல்லை, மகனுக்கு அவமானம் வந்துவிடுமோ என்ற கவலை. பெயரைப் போட்டோம். விசாரணைக்கு வந்த அதிகாரி நல்லவர், அறையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். ஐந்து மாதம் கழித்துப் பணம் வந்தது. இடைப்பட்ட ஐந்து மாதம் பக்கத்து அறைக்காரர்தான் சோறு போட்டார்.

ஏழை யார் என்று வரையறுப்பதே ஒரு கதை. 2019-இல் ஐ.நா.வின் வறுமை விவகார நிபுணர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்ற வறுமைக் கோடு நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொன்னபோது அரசாங்கம் கோபப்பட்டது. அடுத்த ஆண்டே கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. அரை விழுக்காடுகூட இல்லை என்று சொல்லப்பட்ட வறுமை, 2019 கணக்கில் 5.6 விழுக்காடாகிவிட்டது. மக்கள் அதே வீட்டில் அதே அரிசியைத்தான் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரொக்க உதவி நல்லதா, பொருளாகக் கொடுப்பது நல்லதா?

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவி 2012-இல் ‘பிரிம்’ என்று 500 வெள்ளியில் தொடங்கியது, பெயர்கள் மாறி இப்போது எஸ்.டி.ஆர். ஆகியிருக்கிறது. அது வங்கிக் கணக்குக்கு வரும் ரொக்கம். ‘சாரா’ என்ற இன்னோர் உதவி மைகாட் எனும் அடையாளக் கார்டில் ஏறும் தொகை, பதிவு பெற்ற கடைகளில் அரிசி, எண்ணெய், மருந்து போன்ற அடிப்படைப் பொருள்களுக்கு மட்டும். 2025 ஆகஸ்ட் இறுதியில் 18 வயதைக் கடந்த எல்லாக் குடிமக்களுக்கும் 100 வெள்ளி இப்படித்தான் தரப்பட்டது.

ரொக்கம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பார்கள். சிலர் குடிப்பார்கள். ஆனால் பிள்ளையின் பள்ளி பஸ் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் அரிசி மூட்டையால் கட்ட முடியாது. என்னைக் கேட்டால் ரொக்கத்தை வீட்டு அம்மாவின் கணக்கில் போடுவேன்.

உதவி மக்களைச் சோம்பேறியாக்கிவிடும் என்கிறார்களே?

மாதம் 600 வெள்ளியில் பினாங்குத் தீவில் யாரும் சோம்பேறியாக வாழ்ந்துவிட முடியாது. ஓர் அறை வாடகையைக் கட்டிவிட்டு மிச்சத்தை எண்ணிப் பாருங்கள்.

வேறொரு கோளாறு உண்மையிலேயே இருக்கிறது. வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டினாலும் உதவி நின்றுவிடும் என்ற பயத்தில், சிலர் கூடுதல் நேர வேலையை வேண்டாம் என்கிறார்கள், அல்லது சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சேம நிதியும் சொக்சோவும் இல்லாமல் இருக்கிறார்கள். இன்றைய 200 வெள்ளிக்காக நாளைய பாதுகாப்பை விடுகிறார்கள். அவர்களைத் திட்டுவதைவிட, உதவியைப் படிப்படியாகக் குறையும்படி அமைப்பது மேல்.

அடையாளக் கார்டு இல்லாதவர்கள், சிவப்புக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள்?

எஸ்.டி.ஆர்., சாரா, முதியோர் உதவி எல்லாம் குடிமக்களுக்கே. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மரத்தில் பால் வெட்டி, எழுபது வயதிலும் சிவப்புக் கார்டோடு இருப்பவர்களுக்கு அவை இல்லை. வெளிநாட்டினருக்கு கிளினிக் கட்டணம் ஒன்றுக்குப் பதில் 40 வெள்ளி. எந்தப் பத்திரமும் இல்லாதவர் இங்கேயே பிறந்திருந்தாலும் முகப்பில் வெளிநாட்டினர்தான். கணினியில் மூன்றாவது கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தை அழுத்தியவன் நான், அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

நம் வீடுகளில் இது எப்படி நேர்கிறது என்றால், கோயிலில் தாலி கட்டியாயிற்று என்று திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறோம். 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை வராது, தாயின் நிலைதான். தாய் வெளிநாட்டவரென்றால் பிள்ளையின் ஆயுள் முழுக்க வரிசைதான். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அன்றே பதிவிலாகாவுக்கும் போய்விடுங்கள்.

மருத்துவமனைச் செலவைக் கட்ட முடியவில்லை. யாரைப் பார்ப்பது?

பெரிய அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. கட்டணக் குறைப்பு, தள்ளுபடி, இல்லாத கருவிக்கு மருத்துவ உதவி நிதியில் விண்ணப்பம் எல்லாம் அவர்கள் வழியாகத்தான். நோயாளி வார்டில் இருக்கும்போதே, மருத்துவரிடம் சொல்லி அவர்களைப் பார்க்கக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு பில்லோடு ஓடி வருகிறவர்களுக்குப் பாதை நீளம்.

எஸ்.டி.ஆர். பெறும் 40 வயது கடந்தவர்களும் அவர்களின் துணைவர்களும் 2019-இல் தொடங்கிய, குறைந்த வருமானத்தினருக்கான ‘பெக்கா பி40’ சுகாதாரத் திட்டம் வழியாக இலவசப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்து உதவியும் உண்டு. தகுதியிருந்தும் கேட்காமல் இருப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

அடையாளக் கார்டு நகல், சம்பளச் சீட்டு, சம்பளம் இல்லையென்றால் அதற்கான உறுதிமொழி, வாடகை ரசீது, மின்சார பில், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம்: இரண்டிரண்டு நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். வெள்ளிக்கிழமை போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை அலுவலகம் மூடியிருக்கும், வெளியே இருக்கிற நாற்காலி மூன்றுதான்.